பனி கொட்டும் மாலையில் ஸ்காபரோவுக்கு எதில் போவது?

பிற்பகல் இரண்டரை மணி. ரொறொன்ரோ நகர மையத்தில் பதினான்காவது மாடி. காலையில் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடம் முழுதாகத் தெரிந்தது. இப்போது அதில் எரியும் விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஒருவர் போனில் சாலை நிலவரம் பார்க்கிறார். இன்னொருவர் மேசைக்கடியில் குனிந்து, காலையில் கழற்றி வைத்த பூட்ஸைத் தேடுகிறார். கடைசியில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டுவிடுவார்: "நீங்கள் எதில் போகப் போகிறீர்கள்?"

பதினேழு குளிர்காலங்களாக இந்தக் கேள்விக்கு நான் பதில் தேடிவருகிறேன். வீடு நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மார்க்கம் சாலையும் லோரன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கார், சப்வேயும் பஸ்ஸும், 'கோ' என்னும் புறநகர் ரயில், வாடகைக் கார், இரவு நகரத்திலேயே தங்கிவிடுவது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போட்டேன். இப்போது வேறு கணக்கு. பெரும் பனி நாளில் எதில் ஏறினாலும் வழியில் எங்காவது நிற்கத்தான் போகிறோம். அது எந்த இடமாக இருக்கும், அங்கே சூடு இருக்குமா, கழிப்பறை இருக்குமா, இறங்கி நடக்க வழி இருக்குமா என்று பார்க்கிறேன். இந்த அளவுகோலை வைத்ததும் வரிசையே மாறிவிட்டது.

முதலில் பனியின் அளவு. ஒரு விரற்கடைப் பனிக்கெல்லாம் இத்தனை யோசனை வேண்டாம். நகராட்சி முதலில் உப்பைத் தூவும். விரைவுச் சாலையில் 2.5 சென்டிமீட்டர் சேர்ந்தால் தள்ளத் தொடங்கும், பெரிய சாலையில் 5, குடியிருப்புத் தெருவில் 8. ஆகவே உங்கள் தெருவுக்கு வண்டி வருவது கடைசியில்தான். பன்னிரண்டு மணி நேரத்தில் 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விழும் என்று கனடாவின் சுற்றுச்சூழல் துறை எச்சரித்தால், அது நான் பேசும் நாள். வெப்பநிலையையும் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் உப்பு நன்றாக வேலை செய்யும். மைனஸ் பத்தைத் தாண்டிக் கீழே போகப் போக உப்பின் வீரம் குறைந்துகொண்டே போகும்.

காரிலிருந்து தொடங்குகிறேன். எல்லோருக்கும் ஆசை அதில்தான், எனக்குப் பகை அதோடுதான்.

காரின் கவர்ச்சி புரிகிறது. கதவைச் சாத்தினால் நம் வீட்டு அறை மாதிரி. சூடு, பாட்டு, யாரும் இடிக்க மாட்டார்கள், வாசல் வரை போகும். ஆனால் நகர மையத்திலிருந்து வடகிழக்கே போகிறவருக்கு டொன் வலி பார்க்வே என்ற ஒரே குழாய்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சுமார் 15 கிலோமீட்டர் சாலை. சாதாரண மாலையிலேயே அதை வாகனத் தரிப்பிடம் என்று ஊர் கேலி செய்யும். பல இடங்களில் ஒதுங்கி நிற்க ஓரம் இல்லை. ஆற்றோரமாகப் போகும் பகுதியில் ஒரு வெளிவழியைத் தவறவிட்டால் அடுத்தது வரும் வரை மாட்டிக்கொண்டதுதான். முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் உள்ள அத்தனை பேரும் அந்த லொறியின் விருந்தாளிகள்.

2022 ஜனவரி 17 நினைவிருக்கிறதா? நகர மையத்தில் அரை மீட்டருக்கு மேல் பனி. டொன் வலி பார்க்வேயையும் கார்டினர் விரைவுச் சாலையையும் நகராட்சியே மூடிவிட்டது. அன்று பலர் பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள், பள்ளிகளும் பனிக்காக மூடிக்கிடந்தன. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை உறைந்து நின்றது. வாஷிங்டனுக்குப் புறப்பட்ட செனட்டர் டிம் கெய்ன் அதில் அகப்பட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரப் பயணம் 27 மணி நேரம் எடுத்தது. புளோரிடாவில் விடுமுறை கழித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், நின்ற கார்களுக்கிடையே நடந்து ஒரு பை ஆரஞ்சுப் பழங்களைப் பங்கிட்டதாக அவர் சொன்னார். செனட்டருக்கே ஓர் ஆரஞ்சுதான்.

எனக்கு நடந்தது அவ்வளவு பெரிய கதை இல்லை, ஆனால் பிழை முழுக்க என்னுடையது. எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் என்று சொல்லப்படும் டயர்களோடு ஒரு பெப்ரவரி மாலையில் புறப்பட்டேன். கார் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வகை, ஆகவே துணிச்சல். விரைவுச் சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி காலடியில் கிடுகிடுவென்று நடுங்கியது. கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு படகு கரை தட்டுவதுபோல ஓரத்துப் பனிக்குவியலில் போய்ச் சாய்ந்தது. அடிபடவில்லை. ஆனால் அந்த நான்கைந்து விநாடிகளில் ஒன்று விளங்கியது: நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவது டயரின் வேலை.

7 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் இளகி இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவில் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்காதவர்கள் நம்மவர்களில் எத்தனையோ பேர்.

கார்தான் ஒரே வழி என்றால், எரிபொருள் அரைத் தாங்கிக்குக் குறையக் கூடாது. போர்வை, தண்ணீர், பனி அள்ள ஒரு சிறு சவள், போன் சார்ஜர். நின்றுவிட்டால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் தோண்டி எடுங்கள். குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட்டு காருக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாமல் இடையிடையே பத்து நிமிடம் ஓட்டி, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். நீல விளக்குச் சிமிட்டியபடி பனி தள்ளும் வண்டி முன்னால் போனால், அதை முந்தாதீர்கள். அது போட்டுத் தரும் வழியில் பின்னாலேயே போவதைவிட நல்ல இடம் அந்தச் சாலையில் இல்லை. இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்கள் ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள அமெரிக்க நகரமான பஃபலோவை நினைத்துப் பார்க்கலாம். 2022 கிறிஸ்மஸ் புயலில் அந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலருடைய உடல்கள் காருக்குள்தான் இருந்தன.

வாடகைக் காரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலே சொன்ன அத்தனை ஆபத்தும் அதிலும் உண்டு, கூடவே கட்டணம் மடங்காக ஏறும். உங்கள் டயரை உங்களுக்குத் தெரியும். அந்த ஓட்டுநருடைய டயரைத் தெரியாது.

அடுத்தது சப்வேயும் பஸ்ஸும். இதுதான் பெரும்பாலோர் வழி. பிரஸ்டோ பயண அட்டையைத் தட்டினால் 3.30 டொலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டியும் மாறலாம். (பனி நாளில் அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துபோகும் என்பது வேறு விஷயம்.) நகர மையத்து யூனியன் நிலையத்திலிருந்து புளோர்-யங் நிலையம் வரை சுரங்கம். அங்கே மாறிக் கிழக்கே போகும் இரண்டாம் தடமும் வெகுதூரம் சுரங்கம்தான். மேலே உலகமே வெள்ளையாகிக்கொண்டிருக்கும்போது கீழே எல்லாம் வழக்கம்போல் இருக்கும். ஆனால் விக்டோரியா பார்க், வோர்டன் நிலையங்கள் தரைக்கு மேலே. அந்த வெளிப்பகுதியில் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் பனிக்கட்டி படிந்தால் ரயில் திணறும். பனி மோசமானால் வெளிப்பகுதியை மூடிவிட்டு அந்தத் துண்டுக்குப் பஸ் விடுவார்கள். அந்தப் பஸ்ஸும் கார்களெல்லாம் சிக்கி நிற்கும் அதே சாலையில்தான் வர வேண்டும்.

முன்பு கெனடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ மையத்துக்கு ஒரு சிறு ரயில் ஓடியது. 1985-இல் தொடங்கியது. தண்டவாளத்துக்கு நடுவே பதித்த உலோகத் தகட்டுக்கும் வண்டிக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, காந்த விசையால் ஓடும் வண்டி. பனியும் பனிக்கட்டியும் அந்த இடைவெளியில் சேர்ந்தால் நின்றுவிடும். கனடாவில் ஓட வேண்டிய ரயிலுக்குக் கனடாவின் பனி ஆகாது என்பதை ஸ்காபரோக்காரர்கள் சிரித்தபடியே சகித்துக்கொண்டோம். 2023 ஜூலை 24 அன்று கடைசிப் பெட்டி தடம் புரண்டது. பிறகு அந்தத் தடம் திறக்கவே இல்லை. இப்போது கெனடிக்குப் பிறகு எல்லாம் பஸ்தான்.

பனியில் பலவீனமான கண்ணி அந்தப் பஸ்தான். 2022 ஜனவரியில் நான் சொன்ன அந்த ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஊர் முழுக்கப் புதைந்து நின்றன. நடுவில் துருத்தி வைத்த நீளப் பஸ் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிக் குறுக்கே மடங்கும். சரிவில் உள்ள சில நிறுத்தங்களில் பனி நாளில் நிறுத்தவே மாட்டார்கள். ஆனாலும் என் அளவுகோலால் பார்த்தால் பஸ் காரைவிட மேல். நின்றுபோனால் இறங்கலாம். பிறர் சாலையை மறிக்கும் ஒரு டன் இரும்பை நாம் விட்டுச் செல்வதில்லை. பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையாவது இருக்கும்.

வோர்டன் நிலையத்தில் 102-ஆம் இலக்கப் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாலை மனதை விட்டுப் போகவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. நீலக் கோட்டுக்குக் கீழே சேலைக் கரை அரை அங்குலம் தெரிந்தது. அதற்குக் கீழே ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ், மகனுடையதாக இருக்க வேண்டும்.

"தம்பி, பஸ் வருமா?"

"தெரியவில்லை அம்மா. தூரம் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்களேன்."

"வீட்டிலிருந்துதான் வருகிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நான் போனால்தான் பகல் வேலை செய்த பிள்ளை வீட்டுக்குப் போகலாம்."

பதினான்காவது மாடியில் இருந்துகொண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே வழி. பஸ் முப்பத்தைந்து நிமிடத்தில் வந்தது. ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது இன்னொருவர் கையை.

இனி என் முதல் தேர்வு, 'கோ' ரயில். கனமான டீசல் எஞ்சின், இரண்டு மாடிப் பெட்டிகள். சப்வேயைப் போல மூன்றாவது தண்டவாளத்தை நம்பி ஓடுவதில்லை. லேக்‌ஷோர் கிழக்குத் தடத்தில் யூனியனிலிருந்து டான்ஃபோர்த், ஸ்காபரோ, எக்லின்டன், கில்ட்வுட், ரூஜ் ஹில் என்று நிலையங்கள். எக்லின்டன் நிலையத்துக்குச் சாதாரண நாளில் அரை மணிக்குள் போய்விடும். வடக்கே அஜின்கோர்ட், மிலிக்கன், மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டௌஃப்வில் தடம் இருக்கிறது. கட்டணம் கூடுதல்தான், ஆனால் 2024 பெப்ரவரி முதல் 'கோ'விலிருந்து நகரப் பஸ்ஸுக்கு மாறினால் இரண்டாவது கட்டணம் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. தண்டவாளம் பிரியும் இடத்து விசைகள் உறைந்தால் தாமதமாகும். அந்த இடங்களில் சூடேற்றிகள் இருந்தும் காற்றோடு பனி கொட்டினால் சமாளிப்பது கடினம். அட்டவணையைக் குறைத்துவிடுவார்கள். நெரிசல் நேரத்து விரைவு வண்டிகளில் சில ஸ்காபரோ நிலையங்களில் நிற்காமல் நேரே பிக்கரிங் போய்விடும். அவசரத்தில் பலகையைப் பார்க்காமல் ஏறினால் ரூஜ் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்த் திசை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இருந்தாலும் நின்றுபோன 'கோ' ரயிலில் ஒன்றரை மணி நேரம் இருந்தவன் சொல்கிறேன்: விளக்கு எரிந்தது, சூடு இருந்தது, பெட்டி ஒன்றில் கழிப்பறை இருந்தது. எதிரே இருந்தவர் தொடரின் இரண்டு பகுதிகளைப் பார்த்து முடித்தார். டொன் வலி பார்க்வேயில் நின்றிருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் வேறு மாதிரி.

சிக்கல் ரயிலில் இல்லை, இறங்கிய பிறகுதான். எக்லின்டன் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய நில அளவைப்படி இங்கே பெரிய சாலைக்குப் பெரிய சாலை இரண்டு கிலோமீட்டர். எக்லின்டனிலிருந்து லோரன்ஸ் வரை மார்க்கம் சாலையில் நடந்தால் அதை ஒவ்வோர் அடியாக எண்ணலாம். வெயிலில் அது அரை மணி நடை. கணுக்காலுக்கு மேல் பனி என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கார் சக்கரம் பதித்த தடத்தில் நடக்கத் தோன்றும். நடக்காதீர்கள், ஓட்டுநர் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். இதற்கு வேண்டியது வீரம் இல்லை, அலுவலக மேசைக்கடியில் ஒரு பை. என்னுடையதில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ், தலைக்கு மாட்டும் சிறு விளக்கு, பிரஷர் மாத்திரை ஒரு நாளுக்கு, ஒரு பாக்கெட் எள்ளுருண்டை.

எதில் போவது என்பதற்குச் சமமாக, எப்போது போவது என்பதும் முக்கியம். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்த பனி ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. நாங்கள் இங்கே அதற்குக் குடையைக்கூட எடுக்க மாட்டோம். ஆனால் நண்பகலை ஒட்டி அலுவலகங்களும் பள்ளிகளும் அரசுப் பணிமனைகளும் ஒரே நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பின. லட்சக்கணக்கானோர் ஒன்றாகச் சாலைக்கு வந்ததில், பனி தள்ளும் வண்டியும் உப்பு வண்டியும் அதே நெரிசலில் நின்றன. பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள், பெரியவர்கள் காரில் இரவைக் கழித்தார்கள். ஊரைக் கெடுத்தது அந்த ஒரே நேரப் புறப்பாடு.

ஆகவே "எல்லோரும் மூன்று மணிக்குக் கிளம்பலாம்" என்று மேலாளர் அன்போடு சொன்னால், அந்த மூன்று மணிக்கு மட்டும் கிளம்பாதீர்கள். ஒன்றரைக்கு முன் போங்கள். இல்லை என்றால் ஏழரை வரை பொறுங்கள். மூன்றுக்கும் ஆறரைக்கும் இடையே புறப்பட்டவன் இரண்டு பக்கமும் கெட்டவன். பொறுக்கும் நேரத்துக்கு நகர மையத்தின் நிலத்தடிப் பாதை உதவும். 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதில் வெளிக்காற்று படாமல் யூனியன் நிலையம் வரை போகலாம். உணவுக் கடைகளில் பல மாலை ஆறு மணியளவில் மூடிவிடும், அதற்கு முன் எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டவர்களுக்கு இந்தப் பொறுமைக் கதை பொருந்தாது. அவர்கள் காலையிலேயே பக்கத்து வீட்டு அக்காவிடமோ மாமியாரிடமோ சொல்லி வைத்துவிட்டு வர வேண்டும். நாலு மணிக்குப் போன் செய்து கெஞ்சுவதைவிட ஏழு மணிக்கு ஒரு வார்த்தை சொல்வது எளிது.

தங்கிவிடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கும் அது தோல்வி போலத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் இரவு தங்குவது என்றால் அம்மாவுக்கு நூறு விளக்கம் சொல்ல வேண்டும். 1999-இல் ரொறொன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனிக்கு இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்தார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வெட்கம் இந்த ஊர்க்காரர்களின் இரத்தத்தில் ஊறிவிட்டதோ என்னவோ, பனிக்குப் பணிந்தோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ரயில் இரத்து, பஸ் இல்லை, மறுநாளும் வேலை. நகரத்தில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுச் சோபா இலவசம். ஹோட்டல் அறை விலைதான், இருந்தும் காரைப் பனிக்குவியலில் ஏற்றி இழுவை வண்டிக்குக் கொடுப்பதைவிட மலிவு. நண்பகலிலேயே கேட்டு வையுங்கள். இருள் விழுந்த பிறகு அதே சோபாவுக்கு மூன்று பேர் இருப்பார்கள்.

இப்போது என் வரிசை இதுதான். 'கோ' ஓடுகிறதா, அதில் போவேன், மேசைப் பையோடு. 'கோ' நின்றால் சப்வே. வோர்டனில் பஸ் வராவிட்டால் நிலையத்துக்குள்ளேயே நின்று யோசிப்பேன். இரண்டும் நின்றுவிட்டால் சோபா. காலையில் காரைக் கொண்டுவந்திருந்தாலும் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டு ரயிலேறுவேன். ஒரு நாள் தரிப்புக் கட்டணம் போனால் போகட்டும். லேக்‌ஷோர் தடத்துக்குப் பக்கத்தில் வீடு இல்லாதவர்களுக்கு இந்த வரிசை மாறும். இரவு வேலைக்கு எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு முற்றிலும் மாறும்.

போன முறை இப்படிப் போனபோது வீட்டை அடைய ஒன்பதரை ஆனது. காற்சட்டை முழங்கால் வரை விறைத்திருந்தது, தாடியில் பனிக்கட்டி. எங்கள் தெருவுக்குப் பனி தள்ளும் வண்டி அப்போதுதான் வந்து போயிருந்தது. அது தள்ளிய பனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு மதிலாக நின்றது. எதிர்வீட்டு அண்ணன் காரில் வந்தவர், எனக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டார். காரைத் தெருவிலேயே விளக்கு எரியவிட்டு நிறுத்தி, வீட்டுக்குள் கொண்டுபோக வழியில்லாமல் சவளால் அந்த மதிலை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நேரத்துக்கே வந்துவிட்டேன் தம்பி," என்றார் மூச்சு வாங்க.

நான் என் வீட்டு மதிலை ஏறிக் கடந்து, சவளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.